எண்ணிக்கை எந்தப் பக்கம் பார்க்கிறது

நடுவயதைத் தொட்டவர்களின் மணிக்கட்டில் இப்போது பெரும்பாலும் ஒரு சின்னத் திரை இருக்கிறது. நேரம் காட்டுவது அதன் வேலைகளில் ஆகக் கடைசி. எத்தனை அடி நடந்தோம், எத்தனை மாடி ஏறினோம், இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடித்தது, இரவு எவ்வளவு நேரம் ஆழ்ந்து தூங்கினோம் என்று இடைவிடாமல் குறித்துக்கொள்கிறது. குறித்துக்கொள்வதோடு விட்டுவிடுவதும் இல்லை. எழுந்து நிற்கச் சொல்கிறது, நடக்கச் சொல்கிறது, மூச்சை இழுத்து விடச் சொல்கிறது, இன்னும் சற்று முயன்றால் இன்றைய வட்டம் நிறைந்துவிடும் என்று சாயங்காலம் நினைவூட்டுகிறது. இப்படி ஓயாமல் கேட்கும் ஒரு பொருளைக் கட்டிக்கொண்டு வாழ்வதைச் சின்னப் பழக்கம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. ஒரு நாளில் எந்த மணி நேரம் நன்றாகக் கழிந்தது என்று தீர்ப்புச் சொல்வது யார் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

நான் வாட்ச் கட்டியதற்குக் காரணம் சர்க்கரை. என்னுடையது நாள் முழுக்க நாற்காலி வேலை. ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரி எல்லைக்கோட்டைத் தொட்டபோது மருத்துவர் மாத்திரை எழுதவில்லை. "சுகர் இன்னும் வரலை. ஆனா வர்ற வழியில இருக்கு. சாப்பிட்ட உடனே உட்காராதீங்க, கொஞ்சம் நடங்க. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கண்டிப்பா நடங்க" என்றார். இந்த வார்த்தையைக் கேட்டு வீடு திரும்புகிறவர்கள் இந்த நாட்டில் ஏராளம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி மையமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேருக்கு அதற்கு முந்தைய நிலை என்று அது மதிப்பிட்டது. அந்த 13.6 கோடியில் நானும் ஒருத்தி. செய்தி தெரிந்ததும் என் தம்பி ஒரு வாட்ச்சை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். "அக்கா, இதைக் கட்டிக்கோ. நீ மறந்தாலும் இது மறக்காது."

உண்மைதான், அது மறப்பதில்லை. சாப்பாட்டுக்குப் பிந்தைய நடையை என் நாளில் நிலைநிறுத்தியது அந்த வாட்ச்தான். மழை விட்ட இரவுகளிலும், விருந்தாளி வந்த இரவுகளிலும், அலுவலகத்தில் தலைவலியை வாங்கிக்கொண்டு வந்த இரவுகளிலும் தெருவில் இறங்கி நடக்கிறேன் என்றால் அதன் பிடிவாதம் ஒரு காரணம். அந்த நன்றியை வைத்துக்கொண்டுதான் மற்றதைச் சொல்கிறேன்.

உடல் அசைவைக் கணக்கெடுப்பதற்குப் பின்னால் மதிக்கத்தக்க வரலாறு ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய லண்டனில் மாரடைப்பு பெருகிக்கொண்டிருந்தது. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவரின் பார்வை நகரத்தின் இரண்டடுக்குப் பேருந்துகள் மேல் விழுந்தது. ஒரே பேருந்து, ஒரே சாலை, ஒரே புகை. ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் மேல் தளத்துக்கும் கீழ்த் தளத்துக்கும் ஏறி இறங்குகிறார், ஒரு வேலை நாளில் 500 முதல் 750 படிகள் வரை. ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. வந்தாலும் அவ்வளவு கடுமையாக இல்லை. 1953-ல் லான்செட் இதழில் ஆய்வு வெளியானது. உடலை அசைப்பது இதயத்தைக் காக்கும் என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்வதற்கு அந்த நடத்துநர்களின் கால்கள் ஒரு காரணம். மாரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.

இந்த ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் வேறோர் இடத்தில் நின்றுவிடும். அந்த நடத்துநர்கள் யாரும் இதயத்துக்காகப் படியேறவில்லை. மேலே உட்கார்ந்திருந்த பயணிக்கு டிக்கெட் கொடுக்க ஏறினார்கள். அவர்கள் கவனமெல்லாம் பயணியின் மேல், சில்லறையின் மேல், அடுத்த நிறுத்தத்தின் மேல். உடலுக்கு வந்த நன்மை யாரும் பார்க்காத நேரத்தில், பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் வந்து சேர்ந்தது. மாரிஸ் எண்ணினார், அவர்கள் எண்ணவில்லை. எண்ணுகிறவரும் எண்ணப்படுகிறவரும் ஒரே ஆளாக ஆனது நம் காலத்தில்தான்.

பத்தாயிரம் அடி என்ற இலக்குக்கு அப்படிப்பட்ட பிறப்பு இல்லை. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்து முடிந்த உற்சாகத்தில், மறு ஆண்டே ஜப்பானிய நிறுவனம் ஒன்று இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடிமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் என்பதை அதன் பெயரிலேயே வைத்தது. நினைவில் நிற்கும் முழு எண், விளம்பரத்துக்குத் தோதான எண். அரை நூற்றாண்டு கழித்தும் மணிக்கட்டுத் திரைகளில் அது ஆட்சி செய்கிறது. 2019-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீயும் அவருடைய குழுவினரும், சராசரியாக 72 வயதான 16,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்களை வைத்து அடிக் கணக்கைச் சோதித்தார்கள். நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500-ஐ ஒட்டி அந்த இறக்கம் நின்றுவிட்டது. அதற்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதல் லாபம் எதுவும் தெரியவில்லை. மூத்த பெண்களைப் பற்றிய கணக்கு இது, எல்லா வயதுக்கும் அப்படியே நீட்டக் கூடாது. ஆனால் என் அம்மாவுக்கு நீட்டலாம். தொலைக்காட்சியில் யாரோ பத்தாயிரம் என்று சொன்னதிலிருந்து முழங்கால் வலியோடு அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். நான் இதைச் சொன்னதும், "அப்போ காலையில கோயிலுக்கும் சாயங்காலம் கடைக்கும் போயிட்டு வர்றேனே, அதே போதும்னு சொல்றியா?" என்று கேட்டார். "போதும்மா" என்றேன். அன்று அவர் முகத்தில் வந்த தெளிவை எந்தக் கருவியும் தரவில்லை, எந்தக் கருவியும் கெடுக்கவும் வேண்டாம்.

வாட்ச் எதை அறிகிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துக்கொள்வது நல்லது. கழற்றித் திருப்பினால் பின்பக்கம் பச்சை விளக்கு மினுங்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் உள்ள நாளங்களில் ரத்தம் பெருகும்போது திரும்பி வரும் ஒளி குறைகிறது, வடியும்போது கூடுகிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் இதயத் துடிப்பு. உள்ளே இருக்கும் இன்னொரு சில்லு மூன்று திசைகளிலும் கையின் அசைவை அளக்கிறது. கை சீராக வீசினால் அது நடை. அதனால்தான் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நடக்கும்போது பல அடிகள் கணக்கில் விடுபடுகின்றன. மார்கழிக் கச்சேரியில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவரின் கையை நடக்கும் கை என்று அது எடுத்துக்கொள்வதும் உண்டு. 2017-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். பெரும்பாலானவை இதயத் துடிப்பை நன்றாகவே அளந்தன. எரித்த கலோரியில், இருப்பதிலேயே துல்லியமான கருவிகூடச் சராசரியாக 27 விழுக்காடு பிசகியது. ஆகவே துடிப்பை நம்புகிறேன். கலோரி எண்ணைப் பார்த்து ஒரு வடையைச் சாப்பிடுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பதில்லை.

மணிக்கட்டின் அசைவு தெரிகிறது, தோலுக்கடியில் ஓடும் ரத்தம் தெரிகிறது. அந்தக் கை எதைச் செய்துகொண்டிருக்கிறது என்பது அதற்கு எட்டாது. என் கை செய்யும் காரியங்களில் எனக்கு உயிரானவை இரண்டு. ஒன்று வீணை. மற்றது, பைனாகுலரைப் பிடித்துக்கொண்டு சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நிற்பது.

வீணையில் 24 மெட்டுகள் மெழுகின் மேல் பதிந்திருக்கின்றன. வாசிப்புக்கு நான்கு தந்திகள், பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று. இடக்கை விரல்கள் தந்தியை மெட்டின் மேல் அழுத்தி நகர்கின்றன. ஸ்வரத்தை அசைக்கும் கமகம் வேண்டிய இடத்தில் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கின்றன. ஒரே மெட்டில் நின்றபடி, இழுக்கும் அளவைக் கொண்டே அடுத்த ஸ்வரத்தையும் அதற்கடுத்த ஸ்வரத்தையும் தொடலாம். எவ்வளவு இழுப்பது என்பதைக் கண் சொல்லாது, காதுதான் சொல்லும். ஒரு மயிரிழை குறைந்தால் ராகத்தின் முகம் வாடிவிடும், கூடினால் வேறு முகம் வந்துவிடும். தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைத்து நிறுத்துவதற்குள் விரல் நுனியில் எரிச்சல் கண்டு, பிறகு காய்ப்பு ஏறி, அந்தக் காய்ப்பின் மேல் தந்தி ஒரு கோடு போடுகிறது. வேலை செய்கிற வயதில், தாமதமாகக் கற்றுக்கொள்கிறவளுக்கு இந்த ஒரு ஸ்வரமே ஒரு பருவகாலத்து உழைப்பு.

இப்படி ஒரு காந்தாரத்தில் நிற்கும்போது மணிக்கட்டு அதிரும். எழுந்து நிற்க வேண்டிய நேரம் என்று திரையில் எழுத்து ஓடும். அதிர்வு ஒரு நொடிதான். அந்த ஒரு நொடியில் கவனம் காந்தாரத்தை விட்டு இறங்கி என் இடுப்புக்கு, என் சர்க்கரைக்கு, என் இன்றைய கணக்குக்கு வந்துவிடுகிறது. மறுபடி ஏறுவதற்கு நேரம் பிடிக்கிறது. வீணை டீச்சர் வேறு காரணத்துக்காகச் சொன்னார்: "அதைக் கழட்டி அந்தப் பக்கம் வெச்சிடும்மா. தண்டியில இடிச்சா கீறல் விழும்." பலா மரத்தில் குடைந்த வீணை அது, அவருடைய குருவின் வீட்டிலிருந்து வந்தது. அவர் கவலை மரத்தைப் பற்றி. அவர் சொல்லுக்காகக் கழற்றி வைத்த பிறகு, அந்த ஒரு மணி நேரத்தின் நீளமே மாறிப்போனது.

எண்ணுவதுதான் கெடுதல் என்று இதற்குப் பொருள் கொண்டால் தவறாகிவிடும். சங்கீதம் முழுக்க எண்ணிக்கைதான். ஆதி தாளத்தில் எட்டு அட்சரம். ஒரு தட்டு, சுண்டு விரலில் தொடங்கி மூன்று விரல், பிறகு தட்டும் வீச்சும், மறுபடி தட்டும் வீச்சும். வரிசைகளை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். வீணையில் வலக்கைச் சுண்டு விரல் தாளத் தந்திகளை மீட்டிக் கணக்கை வைத்துக்கொண்டே இருக்கும். "இந்தச் சங்கதியைப் பத்துத் தரம் வாசி" என்பார் டீச்சர், பாட்டு வரியின் ஒரு வேறுபாட்டைக் காட்டி. பத்தும் எண்ணித்தான் வாசிப்பேன். அந்த எண்ணிக்கை ஒருபோதும் என்னை என்னிடம் திருப்பிவிட்டதில்லை. ஒன்றிலிருந்து பத்துக்குப் போகப் போகச் சங்கதிதான் பெரிதாகிக்கொண்டே வரும், நான் சிறுத்துக்கொண்டே போவேன். சங்கதி விரலில் உட்கார்ந்துவிட்டால் பத்து என்ற எண்ணுக்கு வேலை முடிந்தது. யாரும் அதை எங்கும் குறித்து வைப்பதில்லை.

வாட்சின் எண்ணிக்கை அப்படி முடிவதில்லை. நள்ளிரவு 12 மணிக்குப் பூஜ்யத்துக்குப் போய் மறுபடி தொடங்குகிறது. உடலைப் பொறுத்தவரை இது நியாயமான ஏற்பாடு. நேற்று நடந்தது நேற்றைய சாப்பாட்டுக்கு, இன்றைய சாப்பாட்டுக்கு இன்று நடந்தாக வேண்டும். உடம்பைப் பேணுவது என்றைக்கும் முடியாத வேலை. அந்த வேலைக்கு முடியாத எண்ணிக்கை பொருந்துகிறது. அதையே எடுத்துப் பிரியத்தால் செய்யும் காரியத்தின் மேல் வைக்கும்போதுதான் பிசகுகிறது. பிரியத்துக்கு நாள் இலக்கு வைத்தால் அது கடனாகிவிடுகிறது.

பள்ளிக்கரணையில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. தென்சென்னையில் ஒரு பக்கம் நகரத்தின் குப்பைக் கிடங்கும் இன்னொரு பக்கம் கண்ணாடிக் கட்டடங்களும் நெருக்க, நடுவே எஞ்சியிருக்கும் சதுப்பு நிலம் அது. 2022-ல் ராம்சர் தலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் கிளுவையும் வடக்கிலிருந்து வந்து இறங்கும். தண்ணீர் மட்டம் வாகாக இருந்தால் பூநாரைகள் நிற்கும். நீலத்தாழைக்கோழியும் நாமக்கோழியும் முக்குளிப்பானும் உள்ளூர்க்காரர்கள். லாரிகள் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். சாலையோரத்தில் நின்றபடி கோரைக்குள் பார்த்துக்கொண்டிருப்போம்.

அங்கே செய்ய வேண்டிய முதல் காரியம் அசையாமல் இருப்பது. மஞ்சள் குருகு என்று ஒரு பறவை உண்டு. ஆள் அரவம் கேட்டால் கழுத்தை மேல்நோக்கி நீட்டி, அலகை வானத்துக்குக் காட்டி, கோரையோடு கோரையாக நின்றுவிடும். நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் தெரியாது. நாமும் அசையாமல் நின்று, அதற்கு நம் மேல் உள்ள சந்தேகம் தீர்ந்து, மறுபடி அது மெதுவாகக் காலை எடுத்து வைக்கும்போதுதான் அங்கே ஒரு பறவை இருந்ததே தெரியவரும். முக்கால் மணி நேரம் போய்விடும். வாட்ச் அந்த முக்கால் மணியை அசைவற்ற நேரம் என்று எழுதிவைக்கும், நடுவே எழுந்து நடமாடச் சொல்லி அதிரும். நின்றுகொண்டிருப்பவளிடம்தான் இதைச் சொல்கிறது.

பறவை பார்ப்பவர்களுக்கு இன்னொரு பதிவேடு இருக்கிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-ல் தொடங்கிய ஈபேர்டு. உலகம் முழுக்க யார் வேண்டுமானாலும் தாங்கள் கண்ட பறவைகளை அதில் ஏற்றலாம். எங்கே, எப்போது, எத்தனை நிமிடம், எத்தனை பேர் என்று அது கேட்கும். நடந்துகொண்டே பார்த்தீர்களா, ஒரே இடத்தில் நின்று பார்த்தீர்களா என்றும் கேட்கும். 30 மீட்டருக்குள் இருந்துவிட்டால் அது நின்று பார்த்த கணக்கு. அதற்கென்று தனி வகை உண்டு. நின்ற நிமிடங்களை நாம் செலுத்திய உழைப்பாக அது ஏற்றுக்கொள்கிறது. அதே உடம்பு, அதே முக்கால் மணி. ஒரு பதிவேட்டில் அது வீணாய்ப் போன நேரம், இன்னொன்றில் அது முயற்சி. இரண்டையும் ஒரே காலைப்பொழுதில் பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது: எண்ணிக்கைகளுக்குப் பார்வை உண்டு. சில எண்ணிக்கைகள் நம்மைப் பார்க்கின்றன. சில எண்ணிக்கைகள் நாம் எதைப் பார்க்க வந்தோமோ அதைப் பார்க்கின்றன.

குளிர்காலத்துக் காலை ஒன்று. சேற்றுப் பூனைப்பருந்து கோரைக்கு மேல் தாழ்வாக, இறக்கையை வி வடிவில் வைத்துக்கொண்டு மிதந்து வந்தது. தண்ணீரில் இருந்த வாத்துக் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் எழும்பியது. அந்த ஓசையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், மார்புக்குள் போய் அடிக்கும். இரவு வாட்சின் வரைபடத்தைப் பார்த்தால் அந்த நிமிடத்தில் துடிப்புக் கோடு சட்டென்று மேலேறியிருந்தது. வாட்ச் பொய் சொல்லவில்லை, மிகச் சரியாகவே குறித்திருக்கிறது. ஆனால் அந்த மேட்டின் மேல் என்ன பறந்தது என்று அதற்குத் தெரியாது. அந்தக் கோட்டை இன்னொருவரிடம் காட்டினால் மாடிப்படி ஏறியதாக நினைப்பார். என்னிடம் பருந்து இருந்ததால்தான் எனக்கு அந்தக் கோடு பொருளுள்ளதாயிற்று. பருந்தைப் பார்க்காமல் மணிக்கட்டைப் பார்த்திருந்தால் எண் மட்டும் மிஞ்சியிருக்கும்.

பொழுதுபோக்குகளெல்லாம் தூய்மையானவை, கருவிதான் அவற்றைக் கெடுக்க வந்தது என்றும் சொல்ல மாட்டேன். எண்ணிக்கை நம் பக்கம் திரும்பிவிடும் நோய் பறவை பார்ப்பதற்குள்ளேயே உண்டு. இந்த ஆண்டு மாவட்டத்தில் யார் அதிக இனங்களைப் பார்த்தது என்ற தரவரிசை ஈபேர்டிலேயே இருக்கிறது. பறவை பார்க்கும் எங்கள் குழுவில் ஒரு கல்லூரிப் பையன். காது அபாரம், கோரைக்குள் கேட்கும் ஒரு கீச்சொலியை வைத்து எங்கள் யாருக்கும் தெரியாத கதிர்க்குருவியைச் சொல்லிவிடுவான். தரவரிசையில் மேலே வர வேண்டும் என்ற வேகமும் அவனுக்கு உண்டு. ஒரு மழைக்காலத்தில் நீளவால் இலைக்கோழி ஒன்று மிதக்கும் இலைகளின் மேல் குஞ்சுகளை நடத்திக்கொண்டு போனது. அந்த இனத்தில் முட்டையை அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆண் பறவைதான். தீப்பெட்டியைவிடச் சின்னக் குஞ்சுகள், உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீண்ட விரல்களை இலையில் பரப்பி அப்பனின் பின்னால் நடந்தன. "அக்கா, இது ஏற்கெனவே லிஸ்ட்ல இருக்கு. வாங்க, அந்தப் பக்கம் புதுசா ஏதோ வந்திருக்காம்" என்றான். எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை, வருத்தம் வந்தது. அவனுடைய பட்டியல் அந்த நிமிடத்தில் பறவையை விட்டு அவன் பக்கம் திரும்பிவிட்டது. அவன் மணிக்கட்டில் வாட்ச் கிடையாது.

இப்படிப் பார்வை திரும்புவதைச் சோதனைகளிலும் பார்க்கலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் செய்த ஒரு சோதனை 1973-ல் வெளியானது. தாமாகவே ஆசையாகப் படம் வரையும் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பிரிவிடம் வரைந்தால் நட்சத்திரமும் நாடாவும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டிச் சொன்னார்கள். சில நாள் கழித்து எந்தப் பரிசும் இல்லாத நேரத்தில் பார்த்தால், பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிடச் சுமார் பாதி நேரமே வரைந்தார்கள். பரிசை எதிர்பாராமல் பெற்ற குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை. 2016-ல் ஜோர்டன் எட்கின் என்ற ஆய்வாளர் வண்ணம் தீட்டுவது, நடப்பது, படிப்பது போன்றவற்றை அளந்து காட்டினால் என்ன ஆகிறது என்று பார்த்தார். அளந்து காட்டப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்தார்கள், குறைவாக ரசித்தார்கள். இரண்டையும் நம்புகிறேன். ஆனால் இவற்றிலிருந்து அளவு என்றாலே ரசனைக்குப் பகை என்ற முடிவுக்கு ஓடிவிட எனக்கு மனமில்லை. டீச்சரின் பத்துத் தரம் என் ரசனையைத் தின்றதில்லை; வளர்த்தது. குழந்தைகளின் கண் படத்திலிருந்து சான்றிதழுக்குப் போனதுதான் அங்கே நடந்தது. சங்கதியை எண்ணும்போது கண் சங்கதியிலேயே இருக்கிறது.

தூக்கத்தைப் பற்றி ஒரு சொல். 2017-ல் அமெரிக்கத் தூக்க ஆய்வாளர்கள் சிலர் புதுவகை நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கருவி காட்டும் தூக்க மதிப்பெண் குறைந்ததால் கவலைப்பட்டு, அந்தக் கவலையாலேயே தூக்கத்தைத் தொலைத்து வருகிறவர்கள். ஆய்வகச் சோதனையில் நன்றாகத் தூங்கியதாகத் தெரிந்தாலும் கருவியைத்தான் நம்பினார்களாம். தூக்கத்தின் படிநிலைகளைச் சரியாக அறிய மூளையின் மின்னலைகளைப் பதிய வேண்டும். மணிக்கட்டிலிருந்து ஊகிக்கத்தான் முடியும். இரவில் நான் வாட்ச்சைக் கட்டுவதில்லை. காலையில் எழுந்ததும் எப்படித் தூங்கினேன் என்று என் உடம்பு சொல்வதை முதலில் கேட்டுக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

இப்போது வாட்ச்சுக்கு என் நாளில் இடமும் எல்லையும் உண்டு. சாப்பாட்டுக்குப் பிந்தைய நடை அதனுடையது. அலுவலக நாற்காலி அதனுடையது. அங்கே அது எழுப்பினால் மறுபேச்சில்லாமல் எழுந்துவிடுவேன். வீணைக்கும் குருகுக்கும் அதைக் கழற்றிவிடுகிறேன். "பாதி நேரம் கழட்டி வெச்சா கணக்கு தப்பாயிடுமே அக்கா" என்கிறான் தம்பி. அவன் அக்கறை எனக்குப் புரிகிறது. உட்கார்ந்தே இருப்பது வீணைக்காக உட்கார்ந்தாலும் உட்கார்ந்ததுதான். சர்க்கரைக்கு ராகம் தெரியாது. அதனால் டீச்சரிடம் கேட்டு, வகுப்பின் நடுவே ஒருமுறை எழுந்து கூடத்தில் நடக்கிறேன். ஒரு கீர்த்தனை முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்னால் உள்ள இடைவெளி அது. எங்கே எழுவது என்பதைப் பாட்டு முடிவு செய்கிறது. அனுபல்லவியின் நடுவில் எழுவதற்கும் இதற்கும் உடம்பின் பார்வையில் எந்த வேறுபாடும் இல்லை. எனக்கு எல்லா வேறுபாடும் அதில் இருக்கிறது.

வட்டம் நிறையாத நாட்கள் வருகின்றன. தொடர்ச்சி அறுபட்டதாகத் திரை சொல்கிறது. காய்ச்சலில் படுத்திருப்பவரிடமும் அதே வட்டத்தை நீட்டும் போக்கு இந்தக் கருவிகளில் நெடுங்காலம் இருந்தது. ஆப்பிள் நிறுவனம் 2024-ல்தான் தன் வாட்சில் தொடர்ச்சி அறுபடாமல் வட்டங்களை நிறுத்திவைக்க வழி செய்தது. ஓய்வும் உடம்பின் வேலைதான் என்று கருவியும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கற்றுக்கொள்ளட்டும். அதுவரை ஓய்வு எது, சோம்பல் எது, தவம் எது என்று பிரித்தறியும் பொறுப்பை நான் அதனிடம் கொடுக்கப்போவதில்லை. கோரை முன் அசையாமல் நிற்பவளும், சோபாவில் சாய்ந்து கைபேசியைத் தள்ளிக்கொண்டிருப்பவளும் அதன் கணக்கில் ஒன்றுதான். என் கணக்கில் அவர்கள் இருவரும் ஒருத்தியாக முடியாது.

தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பண்டிகை நாட்களில் எங்கே இருந்தாலும், ஊரிலோ வயலிலோ மொட்டை மாடியிலோ, குறைந்தது 15 நிமிடம் நின்று கண்ணில் பட்ட, காதில் கேட்ட அத்தனை பறவைகளையும் எண்ணி ஈபேர்டில் ஏற்ற வேண்டும். காக்கையையும் மைனாவையும் விடக் கூடாது, ஏற்கெனவே பார்த்தது என்று எதையும் தள்ளக் கூடாது. பொங்கல் பானையை இறக்கிவைத்துவிட்டு நாங்கள் பள்ளிக்கரணைக்கும் பெரும்பாக்கத்துக்கும் போவோம். அந்த நாளில் நடந்துகொண்டே எண்ணுவதால் நான் வாட்ச்சைக் கட்டிக்கொண்டு போகிறேன். போன பொங்கலன்று பட்டியலை முடிக்கும்போது அந்தக் கல்லூரிப் பையன் கேட்டான், "அக்கா, எவ்வளவு தூரம் வந்திருக்கோம்? என் போன் நடுவுல ஆஃப் ஆயிடுச்சு." திரையைப் பார்த்தேன். இரண்டு கிலோமீட்டரும் சொச்சமும். என் வட்டம் எவ்வளவு நிறைந்தது என்று இருவரும் பார்க்கவில்லை. எவ்வளவு தூரத்துக்குள், எவ்வளவு நேரத்தில் இத்தனை நாமக்கோழி, இத்தனை ஊசிவால் வாத்து என்று தெரிந்தால்தான் அந்த எண்களை அடுத்த பொங்கலோடு ஒப்பிட முடியும். ஒரு காலத்தில் இப்போது இருப்பதைவிடப் பல மடங்கு பரந்து கிடந்த சதுப்பு அது. இன்னும் எவ்வளவு போகிறது, எவ்வளவு நிற்கிறது, வருகிற வாத்துகளுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்பதற்கு அந்த இரண்டு கிலோமீட்டரும் வேண்டியிருக்கிறது.